நூலகத்தில் முதல் ஷிப்ட்

இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு வேலைக்கு வந்த சாரதா, நூலகத்துக்குள் ஒரு காலை வைத்ததும் மறு காலை வைக்க மறந்து நின்றாள்.

புத்தகங்கள் எல்லாம் உயர வரிசையில் இருந்தன.

இடது கோடியில் தேசப்படப் புத்தகமும் அகராதிகளும். அப்புறம் சட்டம், சரித்திரம், நாவல்கள். வலது கோடியில் கையடக்கமான சமையல் குறிப்புகளும் பக்திப் பாடல்களும். அலமாரிக்கு அலமாரி, மேல் விளிம்பு நூல் பிடித்தாற்போல இறங்கிக்கொண்டே போயிற்று. அதன் பக்கத்தில் தோளில் தூசுத்துணியுடன் தாண்டவராயன் நின்றார்.

"இப்ப லைன் நேரா கீதுங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

வேப்பந்தாங்கல் கிளை நூலகம், மண்ணூரை அடுத்த அந்தச் சின்ன ஊரில், ஒரு பழைய உரக் கிடங்கில் இருந்தது. மழை பெய்தால் இன்னும் உர வாசனை வரும். சாரதா காஞ்சிபுரத்துக்காரி. சென்னையில் விடுதியில் தங்கி நூலகப் பயிற்சி முடித்து, சான்றிதழும் உத்தரவுமாக இங்கே வந்து சேர்ந்தவள். ஊரார் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை, நூலகர் என்று முதல் வாரம் திருத்திப் பார்த்தாள். "சரிங்க டீச்சர்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

தாண்டவராயன் உள்ளூர்க்காரர். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போல்ட்டும் நட்டும் செய்யும் ஓர் ஆலையில் சூப்பர்வைசர். போனஸ் தகராறில் ஆலையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். மாதக்கணக்காகப் பூட்டியே கிடந்தது. வேலை இல்லாத சூப்பர்வைசர் தினமும் நூலகத்துக்கு வந்து செய்தித்தாள் படித்தார். ஏலம், டெண்டர், வரி விளம்பரம் வரை படித்துவிட்டு, படிக்க எதுவும் பாக்கி இல்லாமல் போனதும் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்கத் தொடங்கினார். சாரதாவுக்குக் காய்ச்சல் வந்தபோது, நூலகம் பூட்டிக் கிடக்க வேண்டாம், சாவியைக் கொடுங்கள், திறந்து தூசு தட்டி வைக்கிறேன் என்றார். அவளும் கொடுத்துவிட்டாள்.

இப்போது அவள் பொறுமையாக விளக்கினாள். புத்தகங்களை உயரம் பார்த்து அடுக்குவதில்லை, பொருள் பார்த்து அடுக்க வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு, முதுகில் ஒட்டியிருப்பது அந்த எண்தான் என்றாள். தாண்டவராயன் கவனமாகக் கேட்டார். அந்தச் சீட்டுகளைப் பழைய விலை என்று நினைத்துச் சிலவற்றைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார்.

அன்று முழுவதும் சாரதா புத்தகங்களை மறுபடி எண்வாரியாக அடுக்கினாள். தாண்டவராயன் உதவி செய்தார். அதனால் மறுநாளும் அடுக்க வேண்டியிருந்தது.

அவரை எப்படி நிறுத்துவது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. பூச்சி அரிக்காமல் காப்பது, பட்டியல் தயாரிப்பது, அட்டை கட்டுவது எல்லாவற்றையும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சம்பளம் வாங்காத ஆளை வேலையிலிருந்து நீக்குவது எப்படி என்பதற்கு மட்டும் பாடம் இல்லை. உத்தரவு வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அந்த உத்தரவை ரத்து செய்யலாம். இவர் வெறும் நல்லெண்ணத்தோடு வந்திருந்தார்.

வெளி வேலை கொடுத்தால் அலமாரிப் பக்கம் வரமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. தவணை கடந்தும் சிலர் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, வீடுகளில் கேட்டு வாங்கி வர முடியுமா என்று கேட்டாள். தாண்டவராயன் முகம் மலர்ந்தது. தம்மோடு வேலை பார்த்த எல்லப்பனையும் கூப்பிட்டுக்கொண்டு, ஒரு கைவண்டியோடு புறப்பட்டார்.

இரண்டு நாள் நூலகம் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் கைவண்டி வாசலில் வந்து நின்றது. அச்சடித்த காகிதம் என்று ஊரில் எது இருந்ததோ அத்தனையும் வண்டியில் இருந்தது. பள்ளிப் பாடப் புத்தகங்கள், பஞ்சாங்கங்கள், ஜோதிடர் வீட்டு எண்கணித நூல், டிராக்டர் ஓட்டும் முறை, யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம்.

"இதெல்லாம் நம்மது இல்லையே அண்ணே" என்றாள் சாரதா.

"எது நம்மது, எது அவங்களுதுன்னு வாசல்ல நின்னுக்கினு தகராறு இன்னாத்துக்கு டீச்சர்? எல்லாத்தையும் எடுத்தாந்துட்டேன். இங்க வெச்சிப் பிரிச்சிக்கலாம்."

அவள் தபால் நிலையம் வரை போய்விட்டு வருவதற்குள் எல்லப்பன் பிரித்து முடித்திருந்தான். ஆலையில் அவனுக்குத் தயாரான பெட்டிகளில் முத்திரை குத்தும் வேலை. பழகிய கை. மேசை மேல் நூலக முத்திரையையும் மைப்பெட்டியையும் பார்த்ததும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. வண்டியில் வந்த அத்தனையிலும், முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும், கிளை நூலகம் வேப்பந்தாங்கல் என்று அழுத்தமாகக் குத்தி வைத்திருந்தான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் வேட்டி மேல் விழுந்திருந்தது முத்திரை.

முத்திரை விழுந்தால் அரசாங்கச் சொத்து. மேலதிகாரி அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்க முடியாது. சாரதா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையிலிருந்து ஊரே நூலக வாசலில் நின்றது. அவரவர் புத்தகத்தை அவரவர் கேட்டார்கள். சாரதா வாய் திறப்பதற்குள் தாண்டவராயன் அவர்களை வரிசையில் நிறுத்தி, உறுப்பினராகச் சேர்ந்தால்தான் புத்தகம் கிடைக்கும் என்று அறிவித்துவிட்டார். ஆல்பத்தைத் தேடி வந்த சுந்தராம்பாளுக்கு இது விளங்கவே இல்லை.

"என் கல்யாணத்த நான் பாக்கறதுக்கு எதுக்குங்க மெம்பர்?"

"உனுக்கு முன்னாடி ரெண்டு பேரு கேட்டுக்கினு கீறாங்க. அவங்க பாத்துட்டுக் குடுக்கட்டும்" என்றார் தாண்டவராயன்.

சுந்தராம்பாள் உறுப்பினராகச் சேர்ந்தாள். தவணை முடிந்ததும் ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டி, மறுபடி எடுத்துப் போனாள். மாதம் இரண்டு முறை அவள் தன் கல்யாணத்தைப் புதுப்பித்துக்கொண்டாள்.

சாரதாவின் வேதனைக்கு ஒரு காரணம் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை. எண் இல்லாத புத்தகம் அலமாரியில் நிற்பதை அவளால் சகித்துக்கொள்ள முடியாது. ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது ஆல்பத்தின் முதுகில் 392.5 என்று எழுதி ஒட்டினாள். திருமணச் சடங்குகளுக்கு உரிய எண் அதுதான். ஒட்டிய பிறகு மனசு கொஞ்சம் அடங்கியது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். தங்கள் பொருளைக் கேட்டு வந்தவர்கள், வரிசையில் நின்ற நேரத்தில் அலமாரியைப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் ஒரு நாவலையோ மருத்துவக் குறிப்பையோ எடுத்துப் போனார்கள். எடுத்துப் போனவர்கள் திரும்பியும் வந்தார்கள். இது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் தாண்டவராயனிடம் சொல்லவில்லை. சொன்னால் மண்ணூருக்கும் வண்டி கட்டிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் பக்கத்துக் கிளை நூலகர் ஒருவர் அவளிடம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். மாவட்ட ஆபீசிலிருந்து வரதராஜுலு சார் வரும் வாரம் இந்தப் பக்கம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறாராம். பெயரைக் கேட்டாலே பழைய நூலகர்களுக்கு வியர்க்கும். தூசியை மன்னித்தாலும் மன்னிப்பார், தொண்டு செய்கிறேன் என்று உள்ளே வரும் வெளியாட்களை மன்னிக்கவே மாட்டார். படிக்க ஆள் வராத கிளைகளைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. சாரதாவுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

அன்றே தாண்டவராயனிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். என்ன வார்த்தை சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். நூலகத்தில் அவர் இல்லை. அவர் மனைவி செங்கமலம், கையில் ஒரு தூக்குடன் உட்கார்ந்திருந்தாள். தூக்கில் காபி.

"டீச்சர், நீங்க நல்லா இருக்கணும்" என்று ஆரம்பித்தாள் செங்கமலம்.

ஆலை மூடிய புதிதில் அவர் வீட்டில்தான் இருந்தாராம். அடுப்படியில் வந்து நாற்காலி போட்டு உட்காருவாராம். கடுகு டப்பாவிலிருந்து அண்டா வரை உயர வரிசையில் அடுக்கி வைத்துவிட்டாராம். தோசை வார்க்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பாராம். நேற்றைவிட இன்று ஏன் உற்பத்தி குறைச்சல் என்று கேட்பாராம். ஒரு நாள் தாங்காமல் தாய்வீட்டுக்குப் போய்விடலாம் என்று பெட்டியை எடுத்தாளாம். பெட்டிகளையும் அளவு பார்த்து ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு வைத்திருந்தாராம். எது எதற்குள் இருக்கிறது என்று தெரியாமல் அழுதுவிட்டாளாம்.

"இப்பதான் டீச்சர் வூடு வூடா கீது. ராத்திரி வந்து குந்திக்கினு நூலகத்துக் கதையா சொல்றாரு, சிரிக்கிறாரு. ஆலைய மூடனதுக்கு அப்பறம் அந்த மனுசன் சிரிச்சி நான் பாக்கல. அனுப்பிடாதீங்க. தெனமும் காபி நான் குடுத்துடறேன்."

சாரதா காபியைக் குடித்தாள். நல்ல காபி. யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் அதோடு உள்ளே போய்விட்டன.

மாலையில் தாண்டவராயன் வந்ததும் பாதி விஷயத்தை மட்டும் சொன்னாள். அதிகாரி வருகிற நாளில் யாரும் வேலை எதுவும் செய்ய வேண்டாம், வாசகர்களைப்போல உட்கார்ந்து படித்தால் போதும் என்றாள். படிக்க ஆள் வருகிறார்கள் என்று அவர் தெரிந்துகொண்டால் கிளைக்கும் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எத்தினி ஆளு வேணும் டீச்சர்?" என்றார் தாண்டவராயன்.

மறுநாளே ஒத்திகை தொடங்கிவிட்டது. பூட்டிய ஆலையின் ஆட்கள் எல்லோரும் சும்மாதானே இருந்தார்கள். தாண்டவராயன் அவர்களை இரண்டு ஷிப்டாகப் பிரித்தார். முதல் ஷிப்ட் காலையில் வந்து நாற்காலிகளில் நிமிர்ந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தது. பக்கம் புரட்டும் சத்தம் சீராக இருக்க வேண்டும் என்று அவர் நடுவில் நின்று கவனித்தார். நடுவில் டீக்கு விட்டார். சாரதா வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம், ஆள் போதவில்லை என்று சொல்கிறாள் என நினைத்து இன்னும் சிலரைக் கூட்டி வந்தார். தினமும் வந்து வாரப் பத்திரிகை படிக்கும் ரேஷன் கடை தசரதன், உட்கார இடம் இல்லாமல் தயங்கி நின்றார். அவருக்கு மத்தியான ஷிப்ட் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வரதராஜுலு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். சலவை மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, மடக்கிய குடை, மூக்கு நுனியில் கண்ணாடி. பின்னால் தோல்பையைத் தூக்கிக்கொண்டு பச்சையப்பன் என்ற கடைநிலை ஊழியர். உள்ளே நுழைந்ததும் வரதராஜுலு அலமாரியின் மேல் விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். தூசி இல்லை. சாரதாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிறகு அவர் வாசகர்கள் பக்கம் திரும்பினார். இடைவெளி பிசகாமல் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் புரட்டினார்கள். அவருடைய புருவம் ஏறியது. முன்வரிசையில் இருந்த எல்லப்பன் அருகே போய்க் குனிந்தார்.

"என்ன படிக்கிறீங்க?"

எல்லப்பன் எழுந்து நின்றான்.

"மொத ஷிப்டு சார்."

அப்புறம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கேட்கக் கேட்க ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். உயர வரிசை, கைவண்டி, முத்திரை, உறுப்பினர் சேர்க்கை எல்லாவற்றையும் பெருமையாகவே சொன்னார்கள். தாண்டவராயன் தூசுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து, டீச்சர் மேல் தப்பில்லை, தாங்களாகத்தான் வந்தோம் என்றார். வரதராஜுலுவின் கழுத்து சிவந்தது.

நூலகம் என்பது படித்துத் தேறியவர் செய்கிற தொழில் என்று தொடங்கினார். ஆஸ்பத்திரியில் தொண்டு செய்கிறேன் என்று போய் யாராவது கத்தியை எடுப்பானா என்று கேட்டார். தொண்டு செய்ய வருகிறவனுக்கு நேரம் காலம் கிடையாது, விதி கிடையாது, மேலதிகாரி கிடையாது, வந்தால் போகவும் மாட்டான் என்றார். பேசப் பேச அவருக்கே உற்சாகம் ஏறியது. கடைசியில் சாரதாவைப் பார்த்து, "பயிற்சி எடுத்த நீங்க இதை எப்படிம்மா விட்டீங்க?" என்றார்.

சாரதா தாண்டவராயனைப் பார்த்தாள். தோளில் இருந்த துணியை எடுத்து, மடித்து, மடித்ததை இன்னும் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தார் அவர். ஆலைக் கதவை மூடிய அன்றும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், புத்தகத்துக்கு எண் போட நான் படிச்சிருக்கேன்" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "வீடு வீடா போய் ஆளைக் கூட்டிக்கிட்டு வர எனக்குத் தெரியாது. அது இவங்களுக்குத் தெரியுது. தப்பு பண்றாங்க, நான் திருத்தறேன். இவங்க வர்றதுக்கு முன்னாடி இங்க திருத்தறதுக்கே ஒண்ணும் இல்ல சார்."

முதல் ஷிப்ட் பக்கம் புரட்ட மறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து சுந்தராம்பாள் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குத் தவணை நாள். மேசை அருகே அதிகாரி நிற்பதைப் பார்த்து, புது டீச்சர் என்று நினைத்து அவரிடமே நீட்டினாள்.

வரதராஜுலு வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளையின் வேட்டி மேல் இருந்த முத்திரையைப் பார்த்தார். திருப்பி முதுகைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"முந்நூற்றித் தொண்ணூற்றிரண்டு, புள்ளி ஐந்து" என்று மெதுவாக வாசித்தார். "யார் போட்ட எண் இது?"

"நான்தான் சார்."

"சரியான எண்" என்றார் வரதராஜுலு. அவர் குரலே மாறியிருந்தது. "நிறைய பேர் வெறும் முந்நூற்றித் தொண்ணூற்றிரண்டோட நிறுத்திடுவாங்க."

அதற்குமேல் அவரால் கோபமாக இருக்க முடியவில்லை. இந்த ஆல்பம் உங்களுடையதுதானே, முத்திரையை ரத்து செய்து கொடுத்துவிடுகிறேன், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சுந்தராம்பாளிடம் சொன்னார். அவள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள்.

"இங்கயே இருக்கட்டும் சார். வூட்டுப் பொட்டியில கெடந்தப்ப யாரும் தொறந்து பாக்கல. இங்க வந்தப்பறம் ஊரே பாத்துச்சு. புடவ நல்லா கீதுன்னு எல்லாரும் கேக்கறாங்க."

வரதராஜுலு சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினார். மற்றப் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். அவரே உட்கார்ந்து, எது நூலகத்துடையது, எது வீட்டுடையது என்று பிரித்தார். வீட்டுப் புத்தகங்களின் முத்திரை மேல் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். எல்லப்பன் மை ஒற்றினான். கிழிந்த சீட்டுகளுக்குப் பதில் புதுச் சீட்டுகள் வெட்டும் வேலை தாண்டவராயனுக்குப் போயிற்று. ஒரே அளவில் வெட்ட அவரைவிட்டால் ஆள் இல்லை என்பதை வரதராஜுலு ஒரு மணி நேரத்தில் கண்டுகொண்டார். பசை அதிகம், பசை குறைச்சல் என்று இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒட்டினார்கள். நடுவில் செங்கமலத்தின் காபி வந்தது. மத்தியான ஷிப்டுக்கு வந்த தசரதன், காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து அதிசயத்தோடு வாரப் பத்திரிகையைப் பிரித்தார்.

சாரதா செய்வதற்கு எதுவும் இல்லாமல் நின்றாள். பிறகு, கேட்டு வந்தவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். அடுக்க வேண்டியதில்லை, ஓடிப்போய் எதையும் தடுக்க வேண்டியதில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, படித்த வேலையை அன்றுதான் நிம்மதியாகச் செய்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

வெயில் சாய்ந்த பிறகுதான் வரதராஜுலு எழுந்தார். வேட்டியில் பசை, விரலில் மை, முகத்தில் நல்ல சாப்பாடு சாப்பிட்ட திருப்தி. இந்தக் கிளையை யாராலும் அசைக்க முடியாது என்றார். இனிமேல் ஒழுங்கு தவறாமல் பார்த்துக்கொள்ள, வெள்ளிக்கிழமைதோறும் தானே வருவதாகச் சொன்னார். தாண்டவராயன் அவருக்குத் துணையாக பஸ் நிறுத்தம் வரை போனார். உயர வரிசையிலும் ஒரு நன்மை உண்டு என்று அவர் வாதிடுவது தெருக்கோடி வரை கேட்டது.

பச்சையப்பன் தோல்பையை எடுக்கத் திரும்பி வந்தார். சாரதா அவரைத் தனியாக நிறுத்தி, சார் எழுதுகிற ரிப்போர்ட் எப்போது ஆபீசுக்குப் போகும், தன் வேலை நிரந்தரமாவதற்கு அது உதவுமா என்று தயக்கத்தோடு கேட்டாள்.

பச்சையப்பன் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரிப்போர்ட்டா? சாரு ரிட்டயராயி ரெண்டு வருசமாவுதும்மா. சம்பளம் கெடையாது, ஒண்ணும் கெடையாது, தெனம் காலைல வந்து நிக்கிறாரு, வேணாம்னு சொல்ல ஆபீசுல யாருக்கும் வாய் வரல."